உள்ளே பிரசவ காலம்!

வரையாடு பார்க்கலாமென்று, ஒரு பிப்ரவரியில் மூணாறு பக்கத்திலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினேன். முன்கூட்டி விசாரிக்காதது என் அசட்டுத்தனம். கதவு சாத்தியிருந்தது. "ஏப்ரலில் வாங்க, சார். உள்ளே ஆடுகளுக்குப் பிரசவ காலம்" என்றார் காவலர்.

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் என் மனைவி, "பிள்ளை பெறுகிற வீட்டில் ஊரார் கூட்டம் போடலாமா? திரும்புங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

ஏப்ரலில் மறுபடி போனோம். வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்கு ஏறி, வழிகாட்டியின் பின்னால் பாதையை விட்டு விலகாமல் நடந்தோம். பத்தடி தூரத்தில் ஒரு தாய் ஆடு. அதன் மடியை முட்டிக்கொண்டு குட்டி! என் பையன் பிஸ்கோத்தை நீட்டினான். வழிகாட்டி அவன் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி, அது கையேந்தப் பழகக்கூடாது."

1978-ல் தேசியப் பூங்காவான இந்த 97 சதுர கிலோமீட்டரில், நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பக்கம் மட்டுமே. மற்றதெல்லாம் வரையாடு குடித்தனம் நடத்தும் இடம்.

விருந்தாளிக்குக் கூடம் போதாதா? உள்ளறை எதற்கு, சொல்லுங்கள்!