நெற்கதிருக்குள் ஒரு வெப்பச் சாவி: சிறு விவசாயிக்கு இதில் என்ன பயன்?

நெல்லைத் தூற்றும்போது பதர் அதிகமாகப் பறந்தால் நாம் வழக்கமாகக் கூறும் காரணங்கள் மூன்று: உரம் போதவில்லை, பூச்சி விழுந்தது, பூக்கும்போது மழை அடித்தது. இவை மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பல வயல்களில் பதரின் வித்து கதிர் வெளிவருவதற்கு முன்பே, தண்டுக்குள் கதிர் பொதியாக இருக்கும்போதே விழுந்து விடுகிறது. கதிர் வெளிவர இன்னும் 10 அல்லது 12 நாட்கள் இருக்கையில் மகரந்தத் தூள் உருவாகிறது. அந்தச் சில நாட்களில் இரவுக் குளிர் மிகுந்தாலோ, பகல் வெப்பம் மிகுந்தாலோ மகரந்தம் கெடுகிறது. மகரந்தம் கெட்டால் சூல் பிடிக்காது. சூல் பிடிக்காத பூ பதராகத்தான் நிற்கும்.

இந்தப் பருவத்தில் செடிக்குள் என்ன நடக்கிறது என்பதை விஞ்ஞானிகள் கடந்த 25 ஆண்டுகளில்தான் விளக்கமாகக் கண்டிருக்கிறார்கள். இதில் முக்கிய இடம் பெறுவது "சிறு ஆர்.என்.ஏ." என்ற மிக நுண்ணிய பொருள். பெயரைக் கேட்டதும் இது பட்டணத்து ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம், பாப்பாரப்பட்டியில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் எனக்கு எதற்கு என்று சிலர் பக்கத்தைத் திருப்பி விடுவார்கள். திருப்ப வேண்டாம். வீரிய ஒட்டு விதை ஏன் விலை அதிகம், அதை நாமே உற்பத்தி செய்ய முடியுமா என்ற கேள்விகளுக்கான விடையில் ஒரு பகுதி இதற்குள் இருக்கிறது.

ஏரிப் பாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. எந்த மடையை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். செடியின் ஒவ்வோர் அணுவிலும் எல்லாக் குணங்களுக்குமான மரபுக் கட்டளைகள் இருக்கின்றன. வேரிலுள்ள அணுவிலும் பூவுக்கான கட்டளை உண்டு. ஆனால் வேரில் பூ பூப்பதில்லை. எந்தக் கட்டளை எங்கே, எப்போது நடைபெற வேண்டும், எது அடைபட வேண்டும் என்று பார்க்கும் மடை ஆட்களில் ஒருவகைதான் சிறு ஆர்.என்.ஏ. பெரும்பாலும் 21 முதல் 24 எழுத்து நீளமே உள்ள துண்டு இது. தனக்குப் பொருத்தமான கட்டளை நகலைத் தேடிப் பிடித்து வெட்டிவிடும், அல்லது வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும்.

இதை முதலில் 1993இல் ஒரு சிறு புழுவில் கண்டார்கள். கண்ட விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. செடிகளில் 1999இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாமில்டனும் பால்கோமும் கண்டார்கள். அதன்பின் பயிர்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தது. செடி இளமையாக இருக்கையில் ஒருவகைச் சிறு ஆர்.என்.ஏ. மிகுந்திருந்து பூப்பதைத் தடுக்கிறது. வயது ஏற ஏற அது குறைந்து, இன்னொரு வகை மிகுந்து பூப்பதற்கு வழிவிடுகிறது. மரங்களிலும் இப்படியே என்று 2011இல் காட்டினார்கள். மாங்கொட்டை போட்டு வளர்த்த மரம் காய்க்கப் பல ஆண்டு எடுப்பதும், காய்த்த மரத்துக் கிளையை ஒட்டுக் கட்டினால் சீக்கிரம் காய்ப்பதும் நம் மாவட்டத்து மாந்தோப்புக்காரர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். ஒட்டுக் குச்சி தன் வயதை மறப்பதில்லை.

மக்காச்சோளத்தில் மேலே ஆண் கதிரில் மணி பிடித்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இது தட்பவெப்பத்தாலும் வரும். ஆனால் பரம்பரையாக வரும் ஒரு வகைக்கு, ஒரு சிறு ஆர்.என்.ஏ. பழுதானதே காரணம் என்று 2007இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்.

இனி மகரந்தத்துக்கு வருவோம். நெல், மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்களின் மகரந்தப் பையில் இந்தத் துண்டுகள் ஏராளமாக உண்டாகின்றன. மகரந்தப் பை உருவாகும் தொடக்கத்தில் 21 எழுத்துத் துண்டுகள். பிறகு மகரந்தத்துக்குச் சோறூட்டும் உள் அடுக்கு வளரும்போது 24 எழுத்துத் துண்டுகள். மக்காச்சோளத்தில் முதல் வகைக்கு 463 இடங்களும் இரண்டாம் வகைக்கு 176 இடங்களும் இருப்பதாக 2015இல் எண்ணிச் சொன்னார்கள். இரண்டாம் வகையை வெட்டித் தரும் கத்தி போன்ற புரதம் ஒன்று உண்டு. அது பழுதான மக்காச்சோளம் வெப்பமான சூழலில் ஆண் மலடாகவும், குளிர்ந்த சூழலில் வளமாகவும் இருந்தது என்று 2020இல் வெளியிட்டார்கள். அதே செடி, அதே விதை; வெப்பம் மாறினால் மலடும் வளமும் மாறுகின்றன.

நெல்லில் இதைப் போன்ற ஒன்றை விஞ்ஞானம் அறிவதற்கு நெடுங்காலம் முன்பே வயலில் ஒருவர் கண்டார். 1973இல் சீனாவின் ஹூபே மாநிலத்தில் ஷி மிங்சோங் என்பவர் "நோங்கென் 58" என்ற நெல் வயலில் மகரந்தம் கெட்ட செடிகளைக் கண்டு தனியே எடுத்து வளர்த்தார். பகல் பொழுது நீண்ட காலத்தில் அவை மலடாக இருந்தன. பொழுது குறுகிய காலத்தில் தாமே மணி பிடித்தன. இதற்குக் காரணமான இடத்தை 2012இல் இரண்டு சீனக் குழுக்கள் கண்டுபிடித்தன. ஒரே ஓர் எழுத்துத்தான் மாறியிருந்தது. நீளமான ஆர்.என்.ஏ. முக்கியமா, அதிலிருந்து வெட்டுப்படும் 21 எழுத்துத் துண்டு முக்கியமா என்பதில் இரு குழுக்களும் வேறுபட்டன. ஆனால் இடம் ஒன்றே. வியப்பு என்னவென்றால், இதே குணத்தைக் குட்டை நீள்மணி நெல்லுக்கு மாற்றியபோது, பகல் நீளத்தைவிட வெப்பத்துக்கே அது அதிகமாக அசைந்து கொடுத்தது.

வெப்பத்தால் மலடாகும் எல்லா நெல் வகைக்கும் சிறு ஆர்.என்.ஏ.தான் காரணம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சீனாவில் இன்று மிகுதியாகப் பயன்படும் வெப்ப மலட்டு நெல்லில் வேறொரு மரபுக்கூறு வேலை செய்கிறது. விவசாயிக்கு வேண்டியது சாவி. அது எந்த உலோகத்தால் ஆனது என்பது எங்களைப் போன்றவர்களின் கவலை.

சாவியால் என்ன ஆதாயம்? நெல் தன் மகரந்தத்தால் தானே கருவுறும் பயிர். இரண்டு ரகங்களைக் கலந்து வீரிய ஒட்டு விதை எடுக்க வேண்டுமென்றால் ஒன்றின் மகரந்தம் வேலை செய்யாதிருக்க வேண்டும். இந்தியாவில் 1994இல் முதல் வீரிய ஒட்டு நெல் ரகங்கள் வந்தபோது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஜி.ஆர். நெல்லும் அவற்றில் ஒன்று. இவையெல்லாம் மூன்று வழி முறை. நிரந்தர மலட்டுத் தாய், அந்தத் தாயைப் பெருக்குவதற்கு ஒரு துணை, பிறகு வளம் தரும் தந்தை. தாயைப் பெருக்க ஒரு வயல், ஒட்டு விதை எடுக்க இன்னொரு வயல். செலவும் இரட்டிப்பு, கலப்புக்கு வாய்ப்பும் இரட்டிப்பு. வெப்பச் சாவி உள்ள தாய்க்குத் துணை தேவையில்லை. குளிர்ந்த மலையில் நட்டால் தானே மணி பிடித்துப் பெருகும். சமவெளியில் வெப்பக் காலத்தில் நட்டால் மலடாகி ஒட்டு விதை தரும். தந்தையாக ஏறக்குறைய எந்த நல்ல ரகத்தையும் வைக்கலாம்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் கருத்து வருகிறது. பகல் நீளத்தால் மாறும் வகை நமக்கு உதவாது. அதற்கு ஏறத்தாழ 14 மணி நேரப் பகல் வேண்டும். தருமபுரியில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஆகவே சீனாவின் சரக்கை அப்படியே இறக்கி வைப்பதில் பொருளில்லை. நமக்கு வெப்ப வகைதான். அதற்கோ நம் மாநிலத்தைப் போல் வசதியான இடம் அதிகமில்லை. சமவெளியும் மலையும் சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. சுமார் 1000 மீட்டர் உயரத்தில் நீலகிரியின் கூடலூரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் வீரிய ஒட்டு நெல் மதிப்பீட்டு மையம் இருப்பதும் இதனால்தான். தாயை அங்கே பெருக்கலாம். ஒட்டு விதையைக் கீழே எடுக்கலாம். தருமபுரி மாவட்டத்திலேயே வத்தல்மலை, சித்தேரி மலை இருக்கின்றன. அங்கே நெல்லுக்குத் தண்ணீர் உள்ள இடம் சிறிதே. இருந்தாலும் வெப்பத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் கூடாது என்று சொல்ல வேண்டும்.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. 1989 கோடையில் சீனாவில் எதிர்பாராத குளிர் வந்தது. மலடாக இருக்க வேண்டிய தாய் வயல்கள் வளமாகித் தாமே மணி பிடித்தன. ஒட்டு விதைக்குப் பதில் தாய் விதையே குவிந்தது. அதன் பிறகுதான் யுவான் லோங்பிங் போன்றவர்கள், சராசரி வெப்பம் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் வளமாகும் தாய்களை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். நம்மிடமும் கோடை மழை வந்து மூன்று நாள் மேகம் மூடினால் சராசரி சடாரென இறங்கும். மறுபக்கம், பூக்கும் நாளில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தந்தையின் மகரந்தமே வாடிவிடும். இரண்டு வரப்புக்கு நடுவே நடப்பது போன்ற வேலை இது. எந்த மாதத்தில் நட்டால் இரண்டுக்கும் தப்பலாம் என்பதைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து சொல்ல முடியாது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் அளந்தே சொல்ல வேண்டும்.

ஆகவே அரசும் பல்கலைக்கழகமும் சிறு விவசாயிகளைக் கொண்ட விதை உற்பத்திக் குழுக்களை இப்போதே அமைத்துப் பழக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒட்டு விதை உற்பத்தி நிலம் அதிகம் கேட்பதில்லை. கை அதிகம் கேட்கும். கலப்புச் செடிகளைப் பிடுங்குவது, ஆண் வரிசை பெண் வரிசை நடவு, காலை வேளையில் கயிறு இழுத்து மகரந்தத்தை உதிர்ப்பது எல்லாம் குடும்பத்தோடு உழைக்கும் சிறு விவசாயிக்கு ஏற்ற வேலை. தாய் விதை பொதுத்துறையின் கையில் இருக்க வேண்டும். அது தனியார் பெட்டகத்துக்குப் போய்விட்டால் நம் உழைப்பு கூலியாகவே முடியும்; விதையின் விலையை வேறொருவர் வைப்பார்.

"வீரிய ஒட்டு விதையை நாங்களே எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கக் கூடாதா?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். இன்றைக்குக் கூடாது, மறு விதைப்பில் பயிர் பலவிதமாகப் பிரிந்து போகும். கருவுறாமலேயே தாயைப் போன்ற விதை தரும் நெல்லை 2019இல் கலிபோர்னியாவில் கந்தேயும் சுந்தரேசனும் உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அது மரபு திருத்தம் செய்த பயிர். நம் வயலுக்கு வர வேண்டிய தூரம் அதிகம்.

கேழ்வரகுக்கும் சாமைக்கும் இதெல்லாம் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். மானாவாரியில், மழையை நம்பி விதைக்கிறவர் விலை கொடுத்து ஒட்டு விதை வாங்குவது சூதாட்டம். பையூர் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களும், உங்கள் வீட்டுக் குதிரில் உள்ள நல்ல விதையும் போதும். உறுதியான கிணற்றுப் பாசனம் உள்ள நெல்லுக்கும், மக்காச்சோளத்துக்கும் மட்டுமே வீரிய ஒட்டைச் சொல்கிறேன். ஒட்டு நெல்லுக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ரசீதையும் பையின் அட்டையையும் அறுவடை வரை வைத்திருங்கள். ஒரு கைப்பிடி விதையையும் மடித்து வையுங்கள். வயலில் குட்டையும் நெட்டையுமாகக் கலப்பு தெரிந்தால் முறையிட இவை இருந்தால்தான் முடியும்.

நாளை யாராவது "ஆர்.என்.ஏ. டானிக்" என்று புட்டியைக் கொண்டு வந்து, தெளித்தால் பதர் குறையும் என்றால் நம்ப வேண்டாம். மகரந்தப் பைக்குள் நடக்கும் வேலையைப் புட்டியில் அடைத்து விற்கும் நிலைக்கு விஞ்ஞானம் வரவில்லை.

இந்த அறிவால் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மார்கழி, தையில் பொதி கட்டும் பயிர் உள்ளவர்கள், இரவு வெப்பம் 15 டிகிரி வரை இறங்கும் நாட்களில், வரப்பு தாங்கும் அளவு தண்ணீரை உயர்த்தி நிறுத்துங்கள். இளங்கதிர் அப்போது தண்டின் அடிப்பகுதியிலிருந்து சற்று மேலேதான் இருக்கும். தண்ணீரின் கதகதப்பு அதைக் காக்கும். ஜப்பானின் வடகோடியான ஹொக்கைடோவில் குளிரிலிருந்து கதிரைக் காக்க இதைத்தான் செய்கிறார்கள். கோடை நெல்லானால் பூப்பு சித்திரை வெயிலில் விழாதபடி நாற்று விடும் நாளை முன்னுக்குத் தள்ளுங்கள்.

ஊருக்கு ஓர் அதிகபட்ச குறைந்தபட்ச வெப்பமானி வாங்கி, நிழலில், தரையிலிருந்து ஆள் உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் காலையில் இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை செய்துவிடும். பக்கத்திலேயே பயிர் பொதி கட்டிய நாள், பூத்த நாள், அறுவடையில் ஒரு கதிருக்கு எத்தனை மணி, எத்தனை பதர் என்பதையும் குறியுங்கள். இரண்டு ஆண்டு நோட்டு சேர்ந்ததும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்து வாருங்கள். உங்கள் ஊரில் எந்த வாரம் தாய் மலடாகும், எந்த வாரம் ஆகாது என்பதை அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.