கருவிலிருக்கும் குழந்தைக்காக ஒரு சோதனை

கர்ப்பிணிப் பெண் மருத்துவமனையில் பெயர் பதிந்ததும் எடை, இரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்கிறார்கள். தைராய்டு சோதனை மட்டும் பல இடங்களில் விட்டுப்போகிறது. இது சிறு குறையன்று.

குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. சிசுவின் சுரப்பியோ ஏறத்தாழ 12-வது வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது; போதிய அளவு சுரக்க 18 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை தாயின் இரத்தமே ஆதாரம். தாய்க்குக் குறைந்தால் சேய்க்கும் குறையும்.

சிசுவை நேரடியாகச் சோதிப்பது எளிதல்ல. தொப்புள்கொடியிலிருந்து இரத்தம் எடுப்பதில் கருவுக்கே ஆபத்து உண்டு. டாக்டர்கள் அபூர்வமாகவே அதைச் செய்கிறார்கள். தாய்க்குத் தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய் இருந்தால், சிசுவின் கழுத்து வீக்கத்தையும் இதயத் துடிப்பையும் ஸ்கேனில் கவனிப்பார்கள். மற்றவர்களுக்குத் தாயின் இரத்தத்தில் செய்யும் டி.எஸ்.எச். சோதனையே வழி. குறை தெரிந்தால் மாத்திரையால் சரிசெய்யலாம்.

கோளாறுக்கு வாய்ப்பு அதிகமுள்ள கர்ப்பிணிகளைச் சோதிக்குமாறு மத்திய அரசு 2014-இல் நெறிமுறை வகுத்தது. அது போதாது. அறிகுறி ஏதுமின்றியும் குறை இருக்கக்கூடும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், முதல் வருகையிலேயே, இலவசமாக இச்சோதனை நடைபெற வேண்டும்.

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே பதிந்துகொள்ளும் பெண் ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு ரயில் ஏறுகிறாள். சோதனைச் சீட்டு தாராவி வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. கையிருப்பு தீர்ந்ததும் மாத்திரையும் நின்றுவிடுகிறது. ஊரிலுள்ள டாக்டருக்கு விவரமே தெரியாது. சீட்டையும் மாத்திரையையும் துணிமணிக்கு முன்பே பையில் வைப்பது கணவரின் பொறுப்பு. தைராய்டு மாத்திரையை இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுடன் சேர்த்து விழுங்கலாகாது. 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

பிரசவத்துடன் கடமை முடிந்துவிடாது. பிறந்த 2 அல்லது 3 நாளில் குழந்தையின் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால் பிறவிக் குறை தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தாமதித்தால் மூளைக்கு நேரும் இழப்பை ஈடுசெய்ய முடியாது. எந்த மருத்துவமனையில் பிறந்தாலும் இச்சோதனையைக் கட்டாயமாக்க அரசுகள் முன்வர வேண்டும். அதுவரை பெற்றோர் கேட்டுப் பெறத் தயங்கக்கூடாது.