குளிர்மலையில் கொதித்த வண்டி

குளிர் மிகுந்த நுவரெலியாவில் மோட்டார் வண்டிக்கு விசிறி எதற்கு என்பாருண்டு. யானும் அவ்வாறே எண்ணியவன்தான்.

2020இல் தடைப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை திறவாதிருந்தமையால், பழைய டீசல் காரையே பேணி வந்தேன். அண்மையில் அதன் மின்விசிறி எரிந்துபோக, பழைய சாமான் கடையில் வேறொன்று வாங்கிப் பொருத்துவித்தேன். சுழன்றது, மகிழ்ந்தேன்.

மறுநாள் கண்டியிலிருந்து திரும்புகையில், இறம்பொடை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. மூடியைத் திறக்கக் கைநீட்டிய மைந்தனைத் தடுத்தேன். அழுத்தத்தில் அடங்கிய வெந்நீர் சீறியிருப்பின் அவன் முகம் என்னாவது!

ஏற்றத்தில் வண்டி மெல்ல ஊர்கிறது, எதிர்க்காற்றுக் குறைவு, எஞ்சினுக்கோ உழைப்பு மிகுதி. மலை எத்துணை குளிர்ந்திருப்பினும் அவ்வேளையில் விசிறியே துணை.

வண்டி ஆறியபின், உதவிக்கு வந்த முதிய மெக்கானிக் விசிறிக்கு மின்சாரங் கொடுத்து, ரேடியேட்டரின் முன்னே ஒரு தாளைப் பிடித்தார். பின்னாலிருக்கும் விசிறி காற்றை இழுக்க, தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவோ முன்னோக்கிப் பறந்தது. கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருந்தமையால் விசிறி எதிர்ப்புறமாய்ச் சுழன்றிருக்கிறது! எஞ்சின் நின்ற பின்னும் இவ்விசிறி தானே சுழலக்கூடும் என்று கூறி, பற்றரித் தொடர்பைக் கழற்றிய பின்னரே அவர் கம்பிகளைத் திருத்தினார்.

அன்பர்களே, விசிறி மாற்றினால் சுழல்கிறதா என்று மட்டும் பாராதீர்கள்; காற்று எப்பக்கம் செல்கிறது என்றும் பாருங்கள்.