இல்ல விளையாட்டுப் போட்டியும் பிள்ளைகளின் தசைகளும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோரும் பழைய மாணவர்களும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் நம் பாடசாலைகளில் ஒரே பரபரப்பு. ஸபா, மர்வா, ஹிறா என்று இல்லங்களுக்கு நிறம் பூசுகிறோம், கொடி கட்டுகிறோம். ஆனால் ஓடப்போகும் பிள்ளையின் தசைகளைத் தயார்படுத்துவது பற்றி மட்டும் கடைசி இரண்டு வாரத்தில்தான் நினைவு வருகிறது. மாதக்கணக்கில் மைதானத்தை மிதிக்காத பிள்ளையை ஒரே நாளில் ஓடவும் பாயவும் விடுகிறோம். மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பு மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. "லெக்டிக் அசிட் சேர்ந்துட்டு, இன்னும் ஓடினா சரியாயிடும்" என்று யாராவது சொல்கிறார்கள்.

அது சரியான விளக்கமல்ல. கடும் பயிற்சியில் உருவாகும் லெக்டிக் அமிலம் ஒரு மணித்தியாலமளவில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மறுநாள் வரும் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த வலி தசை நார்களுக்குள் ஏற்படும் நுண்ணிய சேதத்தினாலும், அதைச் சரிசெய்ய உடல் உண்டாக்கும் அழற்சியினாலும் வருவது. 1902 இலேயே அமெரிக்க உடற்றொழிலியலாளர் தியோடர் ஹஃப் இப்படியான வலிக்குத் தசைக்குள் ஏற்படும் கிழிவுகள் காரணமாகலாம் என்று எழுதிவிட்டார்.

எந்த வேலை தசையை அதிகம் சேதப்படுத்துகிறது? தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலை. சிவனொளிபாதமலைக்கு, நம் மூத்தவர்கள் சொல்லும் பாவாத மலைக்கு, போய் வந்தவர்களுக்கு இது விளங்கும். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். மறுநாள் காலை நடக்கவிடாமல் செய்வது இறங்கிய படிகள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பாய்ந்து தரையில் இறங்குவதும், ஓடி வந்து சட்டென்று நிற்பதும், இருந்தெழும்புவதில் இருக்கும் பகுதியும் இதே வகைதான்.

வலியைவிட முக்கியமான இரண்டு விடயங்களை நாம் கவனிப்பதில்லை.

முதலாவது, வலு. சேதமடைந்த தசை வலி தொடங்க முன்னரே வலுவை இழந்துவிடுகிறது. வலி 24 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் உச்சத்துக்கு வந்து, பிறகு குறைந்துவிடும். வலு திரும்ப அதைவிட நாள் எடுக்கலாம். வளர்ந்தவர்களின் முழங்கை மடக்கும் தசையைப் பழக்கமில்லாமல் கடுமையாக வேலை வாங்கிய சோதனைகளில், பாதியளவு வலுவை இழந்தவர்கள் உண்டு. ஒரு வாரம் கடந்தும் முழுதாகத் திரும்பாதவர்களும் உண்டு. ஆகவே "வலி போயிட்டு சேர்" என்று பிள்ளை சொல்வதை வைத்து, தசை தேறிவிட்டது என்று முடிவெடுக்க முடியாது.

இரண்டாவது, கட்டுப்பாடு. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். தசை சேதமடைந்தால் இந்த உணர்வு பிசகுகிறது. ஒரு கையின் நிலையை மற்றக் கையால் ஒப்பிட்டுக் காட்டச் சொன்னால் தவறு கூடுகிறது. எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்ற மதிப்பீடும் பிழைக்கிறது. பலவீனமான தசைக்கு மூளை கூடுதல் கட்டளை அனுப்ப வேண்டியிருப்பதால், கொஞ்ச விசையே நிறைய விசை போலத் தெரிகிறது. காலைப் போதிய உயரம் தூக்கிவிட்டேன் என்று பிள்ளை நினைக்கும். கால் தடையில் இடறும். அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறுவதும், உயரம் பாய்ந்து இறங்குவதும் இந்த நுட்பத்தை நம்பியவைதான். கை நடுங்குவதால் அடுத்த நாள் எழுத்துக்கூடக் கோணலாகலாம். அதைச் சோம்பல் என்று ஏசக்கூடாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அதே பயிற்சியை ஒருமுறை செய்து தேறிய தசை, அடுத்த முறை மிகக் குறைவாகவே சேதமடைகிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். இன்னொன்று, சிறு பிள்ளைகளைவிட வளர்ந்தவர்களுக்கே இந்தச் சேதம் அதிகம். ஆகவே கயிறிழுக்க வரும் பழைய மாணவர்களே, வாப்பாமார்களே, ஆசிரியர்களே, நாமும் முன்கூட்டியே கொஞ்சம் உடம்பை அசைத்துக்கொள்வது நல்லது!

நாம் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

▪ பயிற்சியை ஆறு வாரத்துக்கு முன் இலேசாகத் தொடங்குவோம். ரமழான் விடுமுறை முடிந்து வரும் பிள்ளையை முதல் நாளே முழு வேகத்தில் விடாதிருப்போம்.

▪ போட்டிக்கு முந்திய நான்கைந்து நாட்களில் புதிய, கடுமையான பயிற்சி எதுவும் வேண்டாம்.

▪ உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எடுக்காதிருப்போம். 'சுகாதாரமும் உடற்கல்வியும்' புத்தகத்தில் மட்டும் படித்து முடிக்கும் பாடமல்ல. வாரந்தோறும் ஓடும் பிள்ளைக்கு இந்தப் பிரச்சினையே பெரிதாக வராது.

▪ பிந்தி வந்ததற்கும் வீட்டுவேலை செய்யாததற்கும் நூறு தடவை இருந்தெழும்ப வைக்கும் தண்டனையை நிறுத்துவோம். பழக்கமில்லாத தசைக்கு அது அளவுகடந்த பாரம்.

கடைசியாக, உம்மாமார்கள் மறக்கக்கூடாத ஒன்று. கடும் பயிற்சிக்கோ இப்படியான தண்டனைக்கோ பிறகு பிள்ளையின் சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயம் போல் போனால், அல்லது தசை வீங்கித் தாங்க முடியாமல் வலித்தால், எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். பெனடோல் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டாம். தசை அதிகமாகச் சிதைந்து, அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். இது அரிது, ஆனால் தாமதித்தால் உயிராபத்து.

கேடயம் எந்த இல்லத்துக்குப் போனாலும் அது நம் பாடசாலையின் அலுமாரியில்தான் இருக்கப்போகிறது. பிள்ளைகள் நலமாக வீடு போய்ச் சேரவேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று இம்முறை கட்டாயம் கேளுங்கள். உங்கள் கருத்துகளையும் கீழே எழுதுங்கள்.