உழுபவன் ஒருவன், விதிப்பவன் ஒருவன்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது நம் முன்னோர் வாக்கு. வயலில் இறங்கிப் பாடுபடுபவனை நினைந்து சொல்லப்பட்ட அவ்வாக்கு, இன்று கணினியின் முன் இரவு பகலாக உழைக்கும் இளைஞனுக்கும் பொருந்துவதாயிற்று. கையடக்கத் தொலைபேசிக்கான செயலிகளைத் தனித்து நின்று ஆக்கி விற்போரையே இங்கு குறிப்பிடுகின்றோம்.

“உத்தியோகம் தேடி அலையாதே, ஒரு கணினி இருந்தாற் போதும், உலகமே உன் சந்தை” என்று நம் இளைஞருக்கு மேடைதோறும் உபதேசம் செய்யப்படுகின்றது. உபதேசம் முழுவதும் பொய்யென்று நாம் கூறோம். ஆயினும் அச்சந்தையின் வாயிலைக் காப்பவன் யார்? அவன் கேட்கும் பங்கு எவ்வளவு? அவன் “வெளியே போ” என்றால் முறையிட எங்கே செல்வது? இம் மூன்று கேள்விகளுக்கும் மேடையில் விடை கிடைப்பதில்லை. திறமை போதாமையால் தோற்போர் எத்தொழிலிலும் உளர். இத்தொழிலிலோ, வென்றவனும் நிலைத்து நிற்க முடியாதிருக்கின்றான். அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

கனடா நாட்டவரான கிறிஸ்டியன் செலிக் என்பார் 2017 ஒக்டோபரில் ‘அப்பலோ’ என்னும் செயலியை வெளியிட்டார். ரெடிட் என்னும் பெரும் உரையாடல் தளத்தை இலகுவாக வாசிக்க உதவிய செயலி அது. ஏறத்தாழத் தனியொருவராக அவர் வளர்த்த அதனை இலட்சக்கணக்கானோர் விரும்பிப் பயன்படுத்தினர். 2023 இல் ரெடிட் நிறுவனம், அதுவரை இலவசமாக அளித்துவந்த தரவுத் தொடர்புக்குக் கட்டணம் விதித்தது. ஆயிரம் கோரிக்கைகளுக்கு அமெரிக்க நாணயத்தில் 24 சதம். சிறு தொகைதானே என்பீர்கள். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி டொலர் செலுத்தவேண்டி வரும் என்று செலிக் கணக்கிட்டு அறிவித்தார். கட்டணம் தெரியவந்த நாளுக்கும் நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடையே இருந்தது ஒரு மாத அவகாசமே. 2023 யூன் 30 ஆம் திகதி அப்பலோ மூடப்பட்டது.

தன் உடைமைக்குக் கட்டணம் கேட்பது குற்றமன்று. ஆனால், ஆண்டுக்கணக்கில் ஒருவன் பண்படுத்திய நிலத்தின் வாரத்தை ஒரு மாத அறிவித்தலில், நடுவர் எவரும் இன்றி, உடையவன் தானே நிர்ணயிப்பது நீதியாகுமா?

வாரத்தின் கதையையும் கேளுங்கள். அப்பிள் கம்பனி தன் செயலி அங்காடியை 2008 யூலை 10 ஆம் திகதி திறந்தபோது விற்பனையில் நூற்றுக்கு 30 தனக்கென்று விதித்தது. உள்ளே நுழைவதற்கு ஆண்டுதோறும் 99 டொலர் வேறு. சிறு செயலியாளர் பல்லாண்டு முறையிட்டும் குறையாத அப்பங்கு எப்போது குறைந்தது? 2020 யூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் அக்கம்பனியின் தலைவரை விசாரித்தது. ஓகஸ்டில் எபிக் என்னும் விளையாட்டுக் கம்பனி வழக்குத் தொடுத்தது. நவம்பரில், ஆண்டுக்கு 10 இலட்சம் டொலருக்கு மேற்படாத வருமானமுடையோருக்கு 2021 சனவரி முதல் நூற்றுக்கு 15 என்று அறிவிப்பு வந்தது. மன்றாட்டுக்கு அசையாத வீதம் விசாரணைக்குப் பின் அசைந்ததென்பதைக் கவனிக்கவும்.

அந்நியச் செலாவணியாக நாட்டுக்குட் கொண்டுவரப்படும் சேவை வருமானத்துக்கு இலங்கை அரசு 2025 ஏப்ரல் 1 முதல் விதித்த உச்ச வரியும் நூற்றுக்கு 15 தான். அவ்வரி செலவு கழிந்த வருமானத்தின் மேல் விழுகின்றது. அங்காடியின் பங்கோ செலவைப் பாராது விற்பனையின் மேல் விழுகின்றது. வரி விதிக்கும் அரசை வாக்களித்து மாற்றலாம். அங்காடிக்காரனை மாற்ற எந்தப் பெட்டியில் வாக்குப் போடுவது?

நில உடைமையாளன் குத்தகைக்காரனின் பயிரைப் பார்த்துத் தானும் அதையே விதைப்பதும் உண்டு. கறேலியா என்னும் சிறு கம்பனி ‘வாட்சன்’ என்ற மென்பொருளை ஆக்கி விற்றது. 2002 இல் அப்பிள் தன் ‘ஷெர்லொக்’ மென்பொருளின் மூன்றாம் பதிப்பில் அதனையொத்த வசதிகளைச் சேர்த்து, கணினியோடு இலவசமாகவே வழங்கியது. பதிப்புரிமைச் சட்டம் ஓர் ஆக்கத்தின் வடிவத்தையே காக்கும், கருத்தைக் காவாது. ஆகவே சிறியவனுக்கு அங்கும் புகலிடம் அரிது.

நீதிமன்று இருக்கின்றதே என்பீர்கள். இருக்கின்றது. எபிக் வழக்கில், வேறு வழியில் வாங்கலாமென்று வாடிக்கையாளருக்குச் சொல்லவும் செயலியாளரைத் தடுக்கும் விதி செல்லாதென்று 2021 செப்டெம்பர் 10 இல் கலிபோர்ணிய நீதிமன்று தீர்த்தது. அப்பிள் என் செய்தது? மேன்முறையீடுகள் முடிந்ததும், 2024 சனவரியில், அவ்வாறு வெளியே நடக்கும் விற்பனையிலும் நூற்றுக்கு 27 தரவேண்டுமென்றது! அது கட்டளையை வேண்டுமென்றே மீறிய செயலென 2025 ஏப்ரல் 30 இல் அதே நீதிமன்று கண்டது. நம் நாட்டிலும், பிலிப் குணவர்த்தன கொணர்ந்த 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு நிலைத்த உரிமை தந்த பின்னரும், ஓட்டைகளைத் தேடிப் பலரை வெளியேற்றினர் நிலவுடைமையாளர். எழுதிய உரிமை வேறு. கைக்கு வந்த உரிமை வேறு.

கிடைத்த நிவாரணங்களும் நம் கரையை எட்டவில்லை. அமெரிக்கச் சிறு செயலியாளர் ஒன்றுசேர்ந்து 2019 இல் தொடுத்த வழக்கு, 2021 ஓகஸ்டில் 10 கோடி டொலர் நிதியோடு சமரசமாயிற்று. அது அமெரிக்கச் செயலியாளருக்கே உரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 யூலை 12 முதல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குவிதி, ஒரு தளம் தன்னில் வணிகஞ் செய்வோனை முற்றாக விலக்குவதாயின் பொதுவாக 30 நாட்களுக்கு முன் காரணங்காட்டி அறிவிக்க வேண்டுமென்றும், பிணக்கைத் தீர்க்கும் நடுவரை ஒப்பந்தத்திலேயே குறிக்க வேண்டுமென்றும் விதித்தது. அது ஐரோப்பாவில் நிலைகொண்டு விற்போரைக் காக்கும். பருத்தித்துறையிலிருந்து விற்பவனைக் காவாது. வாரம் வாங்கும்போது எல்லை இல்லை. உரிமை வழங்கும்போது மட்டும் எல்லை உண்டு!

“அங்காடியைக் கட்டியவர்கள் அவர்கள், வாடிக்கையாளரைத் திரட்டியவர்கள் அவர்கள், விருப்பமில்லாதவன் விலகிக்கொள்ளட்டும்” என்பது எதிர்வாதம். கட்டியவனுக்குக் கூலி உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் விலகிச் செல்ல வேறு சந்தை இல்லாதவிடத்து, “விருப்பம்” என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? தன் வழக்கில் தானே நீதிபதியாக எவனும் அமரலாகாது. மறுதரப்பைக் கேளாது தீர்ப்பளிக்கலாகாது. இவை சட்டம் பயில்வோர் கற்கும் முதற்பாடங்கள். விதி செய்பவனும், குற்றங் காண்பவனும், தண்டிப்பவனும் ஒருவனேயாயிருக்கும் அங்காடியில் இவ்விரண்டும் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஐரோப்பியருக்குக் கிடைத்த அறிவித்தலும் காரணமும் நடுவரும் இலங்கையிலிருந்து விற்போருக்கும் கிடைக்கப் பாராளுமன்றம் சட்டஞ் செய்தல். தனித்து நின்று பேரம் பேசச் சிறு நாட்டுக்கு வலு போதாதெனில், அயல் நாடுகளோடு கூடிச் செய்க. இரண்டாவது, செயலியாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தல். சிறியோர் கூட்டாக வழக்குத் தொடுத்தமையாலேயே அமெரிக்காவில் அவர்கள் ஒப்பந்த மேசைக்கு அழைக்கப்பட்டனர். மூன்றாவது, ஒரே அங்காடியில் வாழ்வை அடைவு வையாது, வாடிக்கையாளரோடு நேரடித் தொடர்பைத் தம் கையிலேயே வைத்திருத்தல். நிலம் பறிபோனாலும் விதைநெல் வீட்டில் இருக்கவேண்டும்.

இளைஞரை இத்தொழிலுக்கு அழைப்போரை நாம் தடுக்கவில்லை. அழைப்பவர்கள் அவர்களுக்கு உரிமையையும் சேர்த்து வாங்கிக் கொடுக்கட்டும். உரிமையில்லாத வயலுக்கு உழவனை அனுப்பிவிட்டு விளைச்சலைப் பற்றி மேடையில் முழங்குவது, அவனுக்குச் செய்யும் உதவியாகாது.