சுகாதாரப் பிரசாரமும் பிரியாணிப் பொட்டலமும்

கேளம்பாக்கம் நாற்சந்தியிலிருந்து கிழக்கே உப்பளங்களையும் உப்பங்கழிப் பாலத்தையும் தாண்டிப் போனால் கோவளம். 2021ஆம் வருஷம் அங்கே நடந்த ஒரு சங்கதியை நமது தோழர்களில் பலர் மறந்திருக்கக்கூடும். கொரோனாவின் இரண்டாவது அலை ஊர் ஊராய்ப் பிணம் விழச் செய்த காலம் அது. ஊசி போட்டுக்கொள்ளக்கூடிய வயது வந்தவர்கள் அவ்வூரில் 6,000 பேருக்கு மேல் இருந்தும், இரண்டு மாத காலத்தில் போட்டுக்கொண்டவர்கள் 58 பேர்தான் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. ஜூன் மாதத்தில் சில தர்ம ஸ்தாபனத்தார் முன்வந்து, ஊசி போட்டுக்கொள்ளுகின்றவர்களுக்குப் பிரியாணி, குலுக்கலில் தங்க நாணயம், மிக்சி, பெரிய பரிசாக ஸ்கூட்டர் என்று அறிவித்தார்கள். மூன்றே நாளில் 345 பேர் வந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

பிரியாணி கொடுத்தவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. வீடு பற்றி எரிகின்ற நேரத்தில் இது யார் வீட்டுக் கிணற்று நீர் என்று கேட்பவன் மூடன். வாங்கிச் சாப்பிட்டவர்களையும் இழிவாய்ப் பேசமாட்டோம். ஆனால் ஒன்று கேட்கின்றோம். அந்த இரண்டு மாத காலமும் அம்மக்களிடம் சுகாதாரம் எந்த வாயால் பேசிற்று? அந்த வாயைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்?

முதல் வாய் சினிமாக்காரர் வாய். நடிகர் விவேக் அவர்கள், படங்களில் மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்து பேர் பெற்றவர், 2021 ஏப்ரல் 15ந் தேதி சென்னையில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே போய், எல்லோரும் பார்க்கும்படி ஊசி போட்டுக்கொண்டார். அவர் எண்ணம் நல்ல எண்ணம். 17ந் தேதி அவர் மாரடைப்பால் காலமானார். இருதய ரத்தக் குழாயில் அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்தியர்கள் அன்றே சொன்னார்கள். பிறகு மத்திய சர்க்காரின் ஆராய்ச்சிக் குழுவும் அவ்விதமே முடிவு கூறிற்று. யார் கேட்டார்கள்? ஊசியின் குணத்தை விளக்காமல் ஊசி போட்டுக்கொண்ட ஆளைக் காட்டி நம்பச் சொன்னால், ஆள் விழும்போது நம்பிக்கையும் கூடவே விழத்தானே செய்யும்? இதில் குற்றம் அந்த நல்ல மனிதருடையதல்ல. முகத்தைக் காட்டினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தவர்களுடையதாகும்.

இரண்டாவது வாய் தண்டோரா. இது தலைமுறை தலைமுறையாய் ஒரு ஜாதியார் தலையில் கட்டிய வேலை. ஊர் முழுவதற்கும் செய்தி சொல்லப் பறையடிக்க வேண்டியவன் அவன்; அச்செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் பதில் சொல்ல அவனுக்கு அதிகாரமில்லை. தலைமைச் செயலாளராயிருந்த இறையன்பு அவர்கள் 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதி, இனித் தண்டோரா வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றார். மெத்தச் சரி. மனிதனுக்கு இருந்த இழிவு ஒன்று நீங்க வழி பிறந்தது. ஆனால் ஒலிபெருக்கியும் நம் கேள்விக்குப் பதில் சொல்லாது என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது வாய் கைபேசி. 2017 பிப்ரவரியில் நமது நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி போட ஏற்பாடாயிற்று. உடனே வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பிற்று. ஊசி போடும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்ட பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களெல்லாம் முட்டாள்களா? அல்ல. புரளி வந்தது சொந்தக்காரன் மூலமாய், வீட்டுப் பேச்சில், இராத்திரி சாப்பாட்டு வேளையில். சர்க்கார் மறுப்பு வந்ததோ சுவரொட்டியில், உத்தியோகஸ்தர் பாஷையில். எது காதில் ஏறும்?

இனி நான்காவது வாய் ஒன்று உண்டு. "கோவில் திருவிழாவிலும், தர்காவிலும், மாதா கோவிலிலும் ஜனங்கள் கூடுகின்றார்களே, அங்கே சொன்னால் என்ன?" என்று சில சிநேகிதர்கள் கேட்கின்றார்கள். வட நாட்டில் போலியோ சொட்டு மருந்துக்கு மௌல்விகள் துணை நின்றதும், அதனால் பயன் விளைந்ததும் வாஸ்தவம். மறுக்கமாட்டோம். ஆனால் அம்மை என்பது ஆத்தாள் விளையாட்டு என்று சொல்லும் வாய், அது கிருமியால் வருவது என்று எப்படி விளக்கும்? பெரியம்மையை இந்நாட்டை விட்டு 1975இல் ஓட்டியது வேப்பிலையா, ஊசியா? தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பதைப் பூசாரியா சொல்லுவான்? அன்றியும், இன்று இரவல் கொடுத்த வாயை நாளைக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் அவர்களால் முடியும்.

நிற்க, பிரியாணிக்கு வருவோம். ஓட்டுக்குப் பணம் பெற்றுப் பழகிய ஊரில் பரிசு கொடுத்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "நல்ல சரக்கானால் இனாம் எதற்கு?" என்றுதானே? கடலுக்குப் போகின்றவன் மனதில் இருந்த கேள்விகள் வேறு. காய்ச்சல் வருமா? வந்தால் இரண்டு நாள் வருமானத்துக்கு வழி என்ன? சர்க்கரை வியாதிக்காரர் போட்டுக்கொள்ளலாமா? பால் கொடுக்கும் தாய் போட்டுக்கொள்ளலாமா? இவற்றில் ஒன்றுக்காவது பிரியாணிப் பொட்டலம் பதில் சொல்லிற்றா?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். எந்த நாள், எந்த இடம் என்று அறிவிக்க ஒலிபெருக்கியும் சுவரொட்டியும் போதும். ஏன், எதற்கு என்று விளங்க வைக்க, திருப்பிக் கேள்வி கேட்கக்கூடிய மனிதர் வேண்டும். அந்த மனிதர் நம் ஊரில் இல்லாமலில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கின்றார். ஆனால் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது சர்க்கார் கணக்கு. அத்தனை பேருக்கும் ஊசி, பிரசவக் கணக்கு, நோட்டுப் புத்தகம் எல்லாம் எழுதிய பிறகு பேச அவருக்கு மூச்சு ஏது? 2021 ஆகஸ்ட் 5ந் தேதி துவங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பெண் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே போகின்றார்கள். வாசலுக்குப் போக முடியும் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா? விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை இன்னும் இரண்டு ஊழியர்களுக்குக் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

தோழர்களே! சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்கலாகாது. படகு கரையேறிய பிறகு குப்பத்திலும், உப்பள வேலை முடிந்த பிறகு கேளம்பாக்கத்திலும் கூட்டம் போடுங்கள். செவிலியரை அழைத்து நாற்காலி கொடுத்து உட்கார வையுங்கள். பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்து, அவர்கள் கேட்டு முடிகிறவரை ஆண்கள் வாய் திறக்காதிருங்கள். மக்களுக்குப் பரிசு காட்டி இழுப்பது சுலபம். அறிவுள்ளவர்களாய் மதித்துப் பதில் சொல்லுவது கஷ்டம். ஆனால் அடுத்த நோய் வரும்போது, பரிசு இல்லாமலே தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடியவள், இன்றைக்குக் கேள்வி கேட்டுப் பதில் பெற்றுக்கொண்ட தாய்தான் என்று உறுதியாய்ச் சொல்லுகின்றோம்.