கருவி 98 என்று காட்டியது

பரமக்குடியில் யாராவது ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போகிறார்கள் என்றால், தெருவில் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டாக்டர் செய்கிறார்?" என்பதுதான். மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. ஆபரேஷன் நடக்கும் நேரம் முழுவதும் நோயாளியின் மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் தம் பொறுப்பில் வைத்துக் காப்பவர் அவர்தாம் என்பது, என் தாயாருக்குப் பித்தப்பையில் கல் என்று ஆனபோதுதான் எனக்கு உறைத்தது.

மாணவ நண்பர்களே, அதை உறைக்க வைத்தது ஒரு சண்டை. சண்டை போட்டவன் நான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டர் அம்மாவைப் பரிசோதித்தார். இரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்தார். ஹீமோகுளோபின் 7 கிராம். "இது அவசர ஆபரேஷன் அல்ல. இரத்தம் ஊறட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்றார். அம்மாவின் விரலில் மாட்டியிருந்த சிறு கருவி அப்போது 98 என்று காட்டிக்கொண்டிருந்தது. "இரத்தத்தில் ஆக்ஸிஜன் 98 சதவீதம் இருக்கிறதே, பிறகு என்ன குறை?" என்று நான் வாதாடினேன். கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கிறவன் அல்லவா! அவர் பொறுமையாக, "சதவீதம் சரி. எதில் சதவீதம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், சோதனைச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கருவியின் பெயர் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி அதன் தத்துவத்தை வெளியிட்டார். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது விரலின் வழியே செலுத்துகிறது. ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஏற்றாத ஹீமோகுளோபினும் இந்த இரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உட்கவர்கின்றன. நாடித் துடிப்போடு கூடிக் குறையும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு ஹீமோகுளோபின் ஆக்ஸிஜன் ஏற்றியிருக்கிறது என்று கருவி சொல்கிறது. மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் என்று அது சொல்வதே இல்லை. பரமக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்களில் நூற்றுக்கு 98 இருக்கைகள் நிரம்பிவிட்டன என்று ஒருவர் சொன்னால், எத்தனை பேர் போனார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? ஓடியது பத்து பஸ்ஸா, ஐந்து பஸ்ஸா என்று தெரிய வேண்டாமா?

ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் சுமக்கும். 14 கிராம் உள்ளவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில், 98 சதவீதம் என்றால், சுமார் 18.4 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன். என் தாயாருக்கு 9.2. சரிபாதி! கருவியோ இருவருக்கும் 98 என்றே காட்டும். குறைந்ததை ஈடுகட்ட அம்மாவின் இதயம் ஏற்கெனவே கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தது. மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, இதயத்தின் வேகத்தையும் மட்டுப்படுத்தக்கூடியது. கத்தி பட்டால் கொஞ்சம் இரத்தமும் போகும். கையிருப்பே இல்லாதவர் எதைக் கொண்டு சமாளிப்பார்? ஆக்ஸிஜன் குறைந்தால் உதடு நீலமாகும் என்று படித்திருப்பீர்கள். இரத்தம் மிகக் குறைந்தவருக்கு அந்த எச்சரிக்கைகூட எளிதில் தெரியாது; நீலம் காட்டுவதற்கே போதிய ஹீமோகுளோபின் வேண்டுமே!

ராட்டையில் நூல் சுற்றும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியதை வயதின் தளர்ச்சி என்று நாங்கள் விட்டுவிட்டோம். நம் வீடுகளில் இது புதிதல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தச் சோகை உள்ளவர்கள்.

ஒரே ஓர் அளவைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடும் தவறை என்னைவிடப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். 1847-இல் குளோரோபாரம் மயக்க மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகத்தை எடுப்பதற்காக அது கொடுக்கப்பட்டபோது சில நிமிடங்களில் இறந்துபோனாள். உங்கள் வயதுதான். நின்றது மூச்சா, இதயமா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. அதைத் தீர்க்க நம் நாட்டில், ஹைதராபாத்தில், நிஜாமின் பொருளுதவியோடு 1888-லும் 1889-லும் இரண்டு குழுக்கள் அமைந்தன. முன்நின்றவர் எட்வர்ட் லாரி என்ற டாக்டர். நூற்றுக்கணக்கான பிராணிகளைச் சோதித்து, முதலில் நிற்பது மூச்சுதான், ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்று முடிவு கூறினார்கள்.

சோதனைகள் மெய்யானவை, முடிவுதான் முழுமையானதல்ல. 1911-இல் குட்மன் லெவி என்பவர், இலேசான குளோரோபாரம் மயக்கத்திலுள்ள பூனைகளின் இரத்தத்தில் அட்ரினலின் சேர்ந்தால் இதயம் தாளம் தவறித் திடீரென நின்றுவிடுகிறது என்று காட்டினார். அட்ரினலின் நாம் பயப்படும்போது நம் உடலிலேயே சுரப்பது. மேசைமேல் படுத்து நடுங்கும் மனிதரின் நிலையை ஹைதராபாத் சோதனைகள் சரிவரக் காட்டவில்லை. குளோரோபாரம் இன்று மயக்க மருந்தாக வழக்கில் இல்லை.

ஆகவேதான் மயக்க டாக்டர் அத்தனை கேள்விகள் கேட்கிறார். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, பீடி குடிப்பவரா, நாட்டு மருந்து சாப்பிடுகிறாரா, ஆடும் பல் இருக்கிறதா? குடும்பத்தில் எவராவது ஆபரேஷனுக்குப் பின் கண் விழிக்கத் தாமதமானதா என்பது வெட்டிக் கேள்வி அல்ல. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவு. சில நிமிடங்களில் தீர வேண்டிய தசை தளர்த்தும் மருந்து ஒன்று அவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். ஆபரேஷன் தள்ளிப்போய்விடுமே என்ற பயத்தில் நம்மவர்கள் பாதியை மறைக்கிறார்கள். தள்ளிப்போடுவதும் சிகிச்சைதான் என்பது என் கருத்து. நம் ஊர்ப்பக்கம் பல குடும்பங்களில் படிவத்தைப் படிக்கத் தெரிந்தவர் பள்ளி மாணவர் ஒருவர்தாம். அந்த மாணவர் நீங்களானால், முந்தின நாளே ஒரு தாளில் நோய்களையும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்து ஊசியும் மாத்திரையுமாக ஆறு வாரத்துக்குப் பின் அம்மாவின் ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்கு ஏறியது. மறுபடி மதுரை. ஆபரேஷன் அன்று காலை, அதே டாக்டர், "ஏதாவது சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்டார். "பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலய்யா" என்றார் அம்மா. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் என்னைப் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள். "அப்பத்தா விடியக்காலையில காபி குடிச்சாங்க டாக்டர்" என்றாள்.

பால் சேர்ந்த காபி இரைப்பையை விட்டு இறங்க ஆறு மணி நேரம் விட வேண்டும். மயக்கத்தில் இருமல் எழாது. வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆபரேஷனை மதியத்துக்கு மாற்றினார்கள். நல்லபடியாக முடிந்தது. அப்பத்தா இரண்டு நாள் பேத்தியோடு பேசவில்லை.